முதல் வீட்டுச் சுவர்

மார்ச் 4

நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். புதுச் சாலை எங்கள் பேட்டையின் நடுவே போகிறதாம். நான்கு தெருவும் காலி.

கொள்ளுத்தாத்தா சதுப்பைத் தூர்த்து உண்டாக்கிய இடம். மனை வாங்கியவர்களிடம் அவர் வைத்தது ஒரே நிபந்தனை: வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கிற சுவர் மார்பளவுக்கு மேல் போகக்கூடாது. சண்டை போட்டாலும் முகம் பார்த்துப் போடணும் என்பாராம். பிறகு ஆளாளுக்கு உயர்த்திக் கட்டிக்கொண்டார்கள். எங்கள் வீட்டையே அப்பா இடித்துப் புதிதாக்கிவிட்டார். சுவரை மட்டும் தொடவில்லை.

பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தால் பேட்டையை இடிக்க முடியாது. மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 19

பாரம்பரியக் குழு பார்வையிட வருகிறது! எங்கள் வீட்டுச் சுவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று தலைவி போனில் சொன்னார். அண்ணனிடம் சொன்னேன். "வரட்டும், ஜமாய்ச்சிடலாம்" என்றான்.

ஊரில் சித்திக்கு ஆபரேஷன். நாளை கிளம்புகிறேன்.

மார்ச் 27

சுவர் இல்லை.

இல்லவே இல்லை. அஸ்திவாரத்தோடு பெயர்த்துவிட்டு, பளபளவென்று கல் பதித்து ஆளுயரத்துக்கு ஒன்று கட்டியிருக்கிறான். பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நிற்கிறான் அண்ணன்.

"பெரிய மனுஷங்க வர்ற நேரத்துல காரை உதிர்ந்த சுவரையா காட்டுறது? நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு மதிப்பு இல்ல?"

எங்கள் குடும்பமே இப்படித்தான். விருந்தாளி வந்தால் கிழிந்த விரிப்பை ஒளித்துவைப்போம். இவன் கொள்ளுத்தாத்தாவையே ஒளித்துவைத்துவிட்டான், பாவி. பழைய செங்கல் எங்கே? லாரியில போயிடுச்சாம். எங்க போச்சுன்னு அவனுக்கே தெரியல.

மார்ச் 28

சாப்பிடவில்லை. அண்ணி கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். என்ன செய்யறது? யார் கால்ல போய் விழறது? நாலு தெரு ஜனம் — அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?

ஏப்ரல் 2

தலைவி புதுச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இதுல பழசு எதுவுமே இல்லையேம்மா." கிளம்புவதற்குக் கார் கதவைத் திறந்தார். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. யாரும் அண்ணனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எதிர்வீட்டு வக்கீல் வந்தார். தன் சுவரை உயர்த்திக் கட்டியதற்காக, அப்பா சாகும்வரை இவருடன் பேசவில்லை. "நிபந்தனையை மீறினவன்தான் நான். ஆனா பழசை இடிக்கல. அது தலைமேலேயே ஏத்திக் கட்டினேன்" என்றார். கடப்பாரையால் தன் சுவரின் பூச்சைப் பெயர்த்தார். உள்ளே கொள்ளுத்தாத்தாவின் செங்கல், சூளைக் கருப்புகூடப் போகாமல்.

தலைவி கார் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார். அப்புறம் வீட்டுக்கு வீடு சுத்தியல் சத்தம். எல்லாச் சுவருக்குள்ளும் அந்தப் பழைய சுவர் இருந்தது.

எங்களுடையதில் மட்டும்தான் இல்லை.

மே 11

பட்டியல் வந்துவிட்டது. பேட்டை பிழைத்தது.

வரைபடத்தில் சிவப்புக் கோடு நான்கு தெருவையும் சுற்றிவருகிறது. முதல் தெரு முனையில் மட்டும் உள்ளே வளைகிறது. அந்த முனையில் இருக்கும் எங்கள் வீடு கோட்டுக்கு வெளியே. சாலை எங்கள் வீட்டை இடித்துக்கொண்டு அந்தப் பக்கமாக ஒதுங்கிப் போகுமாம்.

கடவுளே, எல்லாரும் இருக்காங்க, நாங்க மட்டும் எங்க போறது? சத்தம் போட்டே அழுதேன். அண்ணன் காதில் விழாதவன் போல அந்தப் புதுச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தான். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஜூன் 30

அண்ணனும் அண்ணியும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். என்னால் முடியவில்லை.

மூன்றாம் தெருவில் ஒரு மாடி அறை வாடகைக்குக் கிடைத்தது. அந்த வீட்டு மருமகள் கல்யாணமாகி இப்போதுதான் வந்திருக்கிறாள். சாவியைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் எப்போது வரும், குப்பை வண்டி எங்கே நிற்கும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னாள்.

"நீங்க இந்தப் பேட்டைக்குப் புதுசாக்கா?"

"ஆமாம்மா" என்றேன்.