ஒரு கட்டைக்கு நான்கு கீல்

பிப்ரவரி 9

சாப்பாட்டு மேசையில் விருந்தாளி ஒருவர், "நீங்க என்ன பண்றீங்க?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். வாயில் இருந்ததை நான் விழுங்குவதற்குள் அத்தான் பதிலை முடித்துவிட்டார்.

"நம்ம தொழிற்சாலைக்கு மூளையே இவதான். பியானோவுக்குள்ள ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சுத்தியல் இருக்கு பாருங்க. அது எழுந்து கம்பியைத் தட்டிட்டுத் திரும்பணும். அது ஆடுற கீல் இருக்கே, நகம் அளவுதான் இருக்கும். ஊரே மரத்துல பண்ணுது, நாங்க பித்தளையில பண்றோம். வெடிக்காது, திருகு தளராது. எல்லாம் இவ வரைஞ்சது."

விருந்தாளி பாராட்டினார். நானும் சிரித்து வைத்தேன். என்னைப் பற்றி நானே இவ்வளவு நல்லதாகச் சொல்லியிருக்க மாட்டேன். அப்புறம் ஏன் சோறு இறங்கவில்லை? அக்கா எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

பிப்ரவரி 13

ஆட்டம் ஒன்பது. கீலைப் பிடித்துக்கொண்டு சுத்தியலைத் தொங்கவிட்டு ஆட்டினால் ஏழு முறை ஆடி நிற்க வேண்டும். அதிகம் ஆடினால் தளர்வு, குறைந்தால் இறுக்கம். ஒன்பது என்றால் தளர்வு. கீலின் ஊசி சுழலும் துளைக்குள் ஒட்டும் கம்பளித் துணியை மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 21

எழுதினால் நிஜமாகிவிடும் என்று இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். வேலை கிடைத்துவிட்டது. ரயிலில் ஒரு இரவு தூரம். செயற்கை விரல்களுக்கு மூட்டு செய்யும் கம்பெனி. அதன் தலைவி ஒரு பெண், போனில் கறாராகப் பேசினார். "பியானோ கீல் பண்ணினவங்களுக்கு விரல் மூட்டு புரியும்னு நினைக்கிறேன். மே ஒண்ணாம் தேதி வந்துடுங்க. தள்ளிப் போடாதீங்க."

அத்தானிடம் எப்படிச் சொல்வது? படிக்க வைத்தவர். மாடி அறையைக் கொடுத்தவர். என்னை ஒரு நாளும் அதட்டியதில்லை. அதட்டியிருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 24

சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. பேப்பரை மடித்து வைத்தார், கண்ணாடியைக் கழற்றினார். "போகலாம்மா, தாராளமா போகலாம். யார் வேண்டாம்னாங்க? இந்த ஒரு பாகம் மட்டும் முடியட்டும். பித்தளை வார்க்குற டை, அந்த அச்சை வெட்டக் கொடுத்துட்டு நீ கிளம்பு, நானே ஸ்டேஷன்ல விடறேன்."

மே ஒன்றுக்குள் முடித்துவிடலாம். கணக்குப் பார்த்தேன், தாராளமாக முடியும். அப்படியென்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே. மாடிப்படி ஏறும்போது ஏதோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தது போலவே இருந்தது.

மார்ச் 3

ஆட்டம் ஏழு. ஏழு. ஏழு. மேசை மேல் தலையை வைத்து ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டேன்.

மார்ச் 11

சோதனைக்காக வீட்டுக் கூடத்துப் பியானோவில் நம் கீல்களைப் பொருத்தினோம். எண்பத்தெட்டுக் கட்டைக்கும். ட்யூனர் வந்து நாள் முழுக்க உட்கார்ந்து சுருதி சேர்த்தார். தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே 'காது'தான். ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக் கேட்டுவிட்டு, "உங்க கீல் பேசாம வேலை செய்யுது. அதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் வராது.

அக்கா ஓரமாக நின்று பார்த்தாள். எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து வாசித்தாள். ஒரு காலத்தில் அவளிடம் பத்துப் பதினைந்து குழந்தைகள் பாடம் படிக்க வருவார்கள். "எதுக்கு வீணா கஷ்டப்படற?" என்று அத்தான் அன்பாகக் கேட்டார். ஒருமுறை அல்ல, வாரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு குழந்தையாக நின்றுபோனது. இப்போது பியானோ விருந்தாளிகள் பார்ப்பதற்கு. அக்கா மதியத்தில் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறாள்.

மார்ச் 29

டை வெட்டுபவருக்கு வரைபடம் ஏப்ரல் கடைசி வாரம் போக வேண்டும். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பெட்டி வாங்கவில்லை. வாங்கினால் யாராவது பார்ப்பார்கள். யார் பார்த்தால் என்ன? முப்பத்திநாலு வயசுக் கழுதை, பெட்டி வாங்கப் பயப்படுது.

ஏப்ரல் 8

மழை. நேற்றிலிருந்து விடவே இல்லை. மொட்டை மாடித் தண்ணீர் படிக்கட்டில் இறங்குகிறது. துணியெல்லாம் ஈர வாடை.

ஏப்ரல் 15

இன்னும் மழை. மதியம் கரண்ட் போனதால் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். சும்மா பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினேன். சுத்தியல் எழுந்தது, தட்டியது, திரும்பி வர மனமில்லாமல் வந்தது. மறுபடி அழுத்தினேன். முதல் தட்டு முடிந்து சுத்தியல் வருவதற்குள் என் விரல் இரண்டாவது முறை இறங்கிவிட்டது, சத்தமே இல்லை.

முன்பலகையைக் கழற்றி, ஒரு கீலை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். இரண்டு ஆட்டம். அடுத்தது, இரண்டு. அதற்கடுத்தது ஒன்றரை.

எடுத்த கீல்களைப் பியானோ மேல் வரிசையாக வைத்தேன்.

இது ஏன் என்று யோசிக்கவே தேவையில்லை. துணி ஈரத்தை உறிஞ்சி ஊதுகிறது. மரக் கீல் என்றால் மரமும் கூடச் சேர்ந்து ஊதும், துளை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பித்தளை விட்டுக்கொடுக்காது. துணி உள்பக்கம்தான் ஊத வேண்டும், ஊசியைப் பிடித்து நெரிக்கும். நான் ஆட்டம் எண்ணிச் சோதித்ததெல்லாம் எங்கே? சோதனை அறையில். அங்கே ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் இரவு பகலாக ஓடுகிறது. அதை வாங்கச் சொல்லி அடம்பிடித்தவளும் நான்தான், துல்லியமாக இருக்க வேண்டுமாம். துல்லியமாகத்தான் இருந்தது, உலகத்தில் யார் வீட்டிலும் இல்லாத ஒரு காற்றில்.

ஏப்ரல் 16

சொல்லாவிட்டால்?

கையெழுத்துப் போட்டுவிட்டு ரயில் ஏறலாம். மழை நின்றதும் துணி காய்ந்துவிடும், ஏழு ஆட்டம் திரும்பிவிடும். அடுத்த மழைக்குள் நூற்றுக்கணக்கான பியானோ யார் யார் வீட்டிலோ போய் உட்கார்ந்திருக்கும். யாரோ ஒரு பிள்ளை வாசிக்கும்போது விரல் சரியில்லை என்று திட்டு வாங்கும்.

சொன்னால் பாகம் முடியவில்லை. முடியாவிட்டால் மே ஒன்று இல்லை.

எனக்கு அழுகையும் வரவில்லை. எரிச்சல்தான் வருகிறது, மழை மேல்.

ஏப்ரல் 17

அக்காவிடம் கேட்டேன், பியானோவில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"சுத்தியல் எல்லாம் சோம்பல் முறிக்குதே, அதைக் கேக்கறியா? மழை பிடிச்ச மறுநாளே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ இங்கயே இருந்துடுவ. அதான்."

இத்தனை நாள் அக்காவுக்காகத்தான் தயங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் போனால் இந்த வீட்டில் அவள் யாரிடம் பேசுவாள் என்று.

"நீ பாட்டுக்குப் போடி," என்றாள். "கீலை அவங்க பாத்துக்கட்டும்."

நானும் உட்கார்ந்து அவளோடு துணி மடித்தேன்.

ஏப்ரல் 18

அத்தானிடம் சொன்னேன். முழுவதும், ஒன்றையும் பூசி மெழுகாமல்.

மறைத்துவிட்டுப் போக முடியவில்லை, வேறு என்ன செய்ய? போன பிறகும் அது என் கீல்தான்.

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். இவ்வளவு பெரிய நஷ்டத்தைச் சொன்னால் மனிதருக்கு முகம் வாட வேண்டாமா? அவர் முகம் தெளிந்தது. நிஜமாகவே தெளிந்தது, பார்த்தேன். "பரவால்ல, பரவால்ல. நல்லவேளை கண்டுபிடிச்ச. நிதானமாப் பண்ணு. ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும், அவசரம் என்ன இருக்கு?" என்றார். அப்புறம் அக்காவைக் கூப்பிட்டுக் காபி போடச் சொன்னார்.

அக்கா என் டம்ளரை மேசையில் வைக்கும்போது கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

ஏப்ரல் 22

கண்டுபிடித்துவிட்டேன். வருஷமாம் வருஷம்.

துணியை முதலிலேயே ஊதவிட்டுவிட வேண்டும். துளையில் ஒட்டியதும், தண்ணீரும் ஸ்பிரிட்டும் கலந்து நனைத்து, கொஞ்சம் தடித்த ஊசியைச் செருகிக் காயவிட வேண்டும். ஊத வேண்டியதெல்லாம் அந்த ஊசியிடம் முட்டிக்கொண்டு அடங்கிவிடும். காய்ந்த பிறகு சரியான ஊசி. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, கண்ணாடி மறையும் அளவு ஆவியில் நின்று ஆட்டிப் பார்த்தேன். ஆறு. காய்ந்த அறையில் ஏழு. போதும்.

அக்கா குளியலறைக் கதவைத் தட்டி, "உள்ள யாரோட சண்டை?" என்றாள். நான் பாடிக்கொண்டிருந்தேனாம்.

ஏப்ரல் 25

மே ஒன்றுக்கு வருகிறேன் என்று உறுதி சொல்ல அந்தக் கம்பெனித் தலைவிக்குப் போன் செய்தேன்.

"உங்க வீட்டுப் பெரியவர் போன வாரமே கூப்பிட்டாரே. ஒரு வருஷம் ஆகும், நீங்க சொல்லக் கூச்சப்படறீங்கன்னு சொன்னார். ரொம்ப மரியாதையாப் பேசினார். நாங்க வேற ஆள் எடுத்துட்டோம்."

அந்தத் தலைவி மேல் தப்பில்லை. மன்னிப்பும் கேட்டார். நான், "பரவாயில்லைங்க," என்றேன். பரவாயில்லையாமே. எப்படி வந்தது அந்த வார்த்தை என் வாயில்?

ஏப்ரல் 26

அத்தானிடம் கேட்டேன்.

"உனக்காகத்தாம்மா பண்ணேன். அவங்க முன்னால நீ தலைகுனிய வேண்டாமேன்னு. வேலை எங்க போயிடும்? பார்க்கலாம்."

பார்க்கலாம். அக்கா மறுபடி பாடம் எடுக்கக் கேட்டபோதும் இதே பார்க்கலாம்தான். கத்த வேண்டும் போலிருந்தது. அவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருப்பவர் முன்னால் எப்படிக் கத்துவது? கத்தினா நான்தான் பைத்தியம் மாதிரி தெரிவேன். அவருக்கு அது நல்லாத் தெரியும். இல்ல, தெரியாமத்தான் பண்றாரா? எது மோசம்?

மே 1

தேதி மட்டும்.

மே 14

புதிய கீல் தேறிவிட்டது. காது வந்து மறுபடி தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். வரைபடத்தில் கையெழுத்துப் போட்டேன். டை வெட்டப் போய்விட்டது.

இரவு சாப்பாட்டில் அத்தான் எனக்கு ஒரு கரண்டி அதிகமாகப் போட்டார். "அடுத்தது சுத்தியலைத் தூக்குற நெம்புகோல் இருக்கே, அதோட கீலையும் பித்தளையில பண்ணிடலாம். அந்த ஒரு பாகம் முடிஞ்சா..."

மீதி எனக்குக் கேட்கவில்லை. மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். சுத்தியலுக்கு ஒரு கீல். தூக்கும் நெம்புக்கு ஒன்று. நெம்பு மேல் நின்று சுத்தியலைத் தள்ளும் குச்சிக்கு ஒன்று. கம்பியை அடக்கும் தடைக்கு ஒன்று. ஒரு கட்டைக்கு நான்கு கீல். நான் வரைந்தவளாயிற்றே, இதை ஏன் முன்பே எண்ணிப் பார்க்கவில்லை? நான்கும் முடியும்போது எனக்கு வயது நாற்பதைத் தாண்டும். அதற்குள் அவர் ஐந்தாவது கண்டுபிடித்துவிடுவார்.

"நான் பண்ணலை அத்தான்," என்றேன்.

அவர் சிரித்தார். "சரி, பார்க்கலாம்."

"பார்க்க ஒண்ணும் இல்ல. நான் பண்ணப்போறதில்லை."

சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பின்னால் அவர் அக்காவிடம், "களைப்பா இருக்கா, தூங்கட்டும்," என்று சொல்வது கேட்டது.

மே 15

நான் களைப்பாக இல்லை.

மே 19

கிளம்பிவிட்டேன். வேலை இல்லாமல், சொல்லிக்கொண்டு. அத்தான் ஸ்டேஷனுக்கு வரவில்லை. முக்கியமான மீட்டிங். டிரைவரை மட்டும் அனுப்பினார். வண்டியில் குளிர்ந்த தண்ணீர் பாட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறார். கடைசி வரை குறை சொல்ல இடம் வைக்காத மனிதர்.

அக்கா வாசல் வரை வந்தாள். கட்டிக்கொள்ளவில்லை. நாங்கள் அந்த மாதிரி இல்லை. "துணி எல்லாம் காயலை, ஈரமாத்தான் வச்சிருக்கேன். போனதும் எடுத்துக் காயப்போடு," என்றாள்.

ரயிலில் ஜன்னல் சீட்டு. பயமாக இருக்கிறது. அது வேறு விதமான பயம், எழுத வரவில்லை.

ஜூன் 27

அந்தத் தலைவியை நேரில் போய்ப் பார்த்தேன். வரைபட வேலை இல்லை, சோதனை மேசையில் ஆள் வேண்டும் என்றார். சரி என்றேன். நாள் முழுக்கச் செயற்கை விரல்களை மடக்குகிறேன், நிமிர்த்துகிறேன். முதல் நாளே ஒரு விரலை வாஷ்பேசினில் முக்கிவிட்டு மடக்கிப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மனிதர்கள் கை கழுவுவார்களே என்றேன்.

அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். குழாயில் காலையில் மட்டும் தண்ணீர். எந்த நேரத்தில் சாப்பிட்டாலும் யாரும் கேட்பதில்லை. முதல் வாரம் அதுவே பழகவில்லை, இரவு எட்டு மணிக்குத் தன்னால் எழுந்து சாப்பாட்டு மேசையைத் தேடினேன்.

ஜூலை 20

அக்கா போனில், "நெம்புக்குக் கீல் பண்ண ஒரு பையனைச் சேத்திருக்கார். நல்ல பையன். மாடி ரூம்லதான் தங்கியிருக்கான்," என்றாள்.

குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுச் சோதிக்கச் சொல் என்றேன்.

ஆகஸ்ட் 11

மதியம் வீட்டுக்காரம்மா கீழே இருந்து கூப்பிட்டார், யாரோ வந்திருக்கிறார்கள் என்று. அக்கா. தனியாக ரயில் ஏறி வந்திருக்கிறாள். டிக்கெட் எடுக்கத் தெரியுமா உனக்கு என்று கேட்டேன். "கவுன்டர்ல கேட்டா குடுக்கறாங்க," என்றாள், ஏதோ பெரிய ரகசியத்தைச் சொல்வது போல.

இருப்பதைச் சமைத்தேன். சாப்பிட்டாள். தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு இருக்கிறதா, அங்கே பியானோ இருக்கிறதா என்று விசாரித்தாள். இருக்கிறது, யாரும் தொடுவதில்லை என்றேன். அவள் தலையாட்டிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் படுத்தாள், எனக்கு இடம் விட்டு.

அத்தானிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாள்? நான் கேட்கவில்லை. எத்தனை நாள் இருப்பாள் என்றும் கேட்கவில்லை. அவள் கொண்டுவந்த பெட்டியை மாடிக்கு ஏற்ற எனக்கும் வீட்டுக்காரம்மா மகனுக்குமாக இரண்டு பேர் வேண்டியிருந்தது.