இலைதழை போட்டு மூடின குழாய்

மேல் டிவிசன்,
டயகம.

அன்புத் தம்பி துஷாந்துக்கு, அக்கா கிருஷாந்தி எழுதுறது. நாங்க ஏதோ இருக்கோம். நீ கொழும்புல நேரத்துக்குச் சாப்பிடுறியா? போன்ல பேசினா, நான் சொல்றதைக் கேளுங்கக்கான்னு பாதியிலேயே என் வாயை அடைச்சிடுவ. கடுதாசின்னா முழுசாக் கேட்டுத்தான் ஆகணும். அதான் பறிச்ச தேயிலைக் கொழுந்தை எடை போட்டுக் குடுத்துட்டு வந்து, கைகால் கழுவக்கூடத் தண்ணி இல்லாம உக்காந்து எழுதுறேன்.

தண்ணி நெசமாவே இல்லடா. மேல் காட்டு ஊத்துலேருந்து நம்ம லயத்து வீடுங்களுக்கு வர்ற குழாயைக் கழட்டிப் போட்டுட்டாங்க. தண்ணி புடிக்கிற பீலியில ஒரு சொட்டு வரல. காலையில பேர் பதியப் பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நடை, வேலை விட்டு வந்து ஒரு நடை, கீழ ஆத்துலேருந்து தூக்கிட்டு வர்றோம். இடுப்பு விட்டுப் போச்சு. போன வாரம் அம்மா குடத்தோட வழுக்கி விழுந்து, கை முறிஞ்சு கட்டுப் போட்டிருக்கு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. சொல்லிட்டேன், போ.

அந்தக் காட்டை வெட்டி ஹோட்டல் கட்ட வந்தப்போ, நீ அந்த ஊத்தை எடுத்த போட்டோப் படத்தாலதான் வேலை நின்னுச்சு. அதை நான் மறக்கல. அதுக்கு உனக்குப் பரிசு கெடைச்சன்னிக்கு லயம் பூரா டொஃபி குடுத்தவ நானு. காடு போனா ஊத்தும் போயிரும்னு எனக்கும் தெரியும். ஆனா இப்ப காட்டைக் காப்பாத்த வந்த குழுக்காரங்கதான் குழாயைக் கழட்டி, கம்பி வேலி போட்டுட்டு, இது மனுசங்க பொழங்காத காடு, யாரும் உள்ள போகக் கூடாதுங்கிறாங்க.

நம்ம தோட்டத் தலைவர் செல்லசாமி அண்ணன் போய், எங்க தாத்தா காலத்துலேருந்து அங்கதான் தண்ணி எடுக்கிறோம், வருசா வருசம் ஊத்தைச் சுத்தம் பண்ணி அங்க காவல் இருக்கிற முனிக்குத் தேங்காய் ஒடைக்கிறோம்னு சிங்களத்துல எவ்வளவோ சொல்லிப் பாத்தாரு. குழுவோட பெரியவரு உன் படத்தை மேசையில விரிச்சு வெச்சு, இதுல குழாய் எங்க இருக்கு, காட்டுன்னு கேட்டாராம். நீங்க இப்பதான் புதுசா இழுத்திருக்கீங்கன்னாராம். அண்ணன் என்னத்தக் காட்டுவாரு?

அந்தப் பூசையன்னிக்கு நீ படம் எடுக்கிறப்போ, கறுப்புக் குழாய் படத்தைக் கெடுக்குதுன்னு சொன்னதும், அம்மாதானே இலைதழையை ஒடிச்சுப் போட்டு மூடினாங்க? மூடிட்டு நிமிந்தவங்களையும் தள்ளி நில்லுங்கம்மான்ன. பூசைக்கு வந்த அத்தனை பேரும் தேங்காயைக் கையில வெச்சுக்கிட்டு, பாறைக்குப் பின்னால போய் மூச்சு விடாம நின்னோம். நம்ம புள்ள நல்லா வரணும்னுதான்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்தியே, அம்மா குறுக்க வந்து கெட்டுப் போச்சுன்னு சலிச்சுக்கிட்டியே, அதை அழிச்சிருக்க மாட்டல்ல? அதுல குழாய் இருக்கும், அம்மா இருப்பாங்க, நாங்க எல்லாரும் இருப்போம். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கூட்டம் வெச்சிருக்காங்க. நீ அந்தப் படத்தோட வந்து, நான்தான் மறைக்கச் சொன்னேன்னு அவங்க முன்னாடி சொல்லணும். சொன்னா உன் பேரு கெட்டுப் போகுமோ, குடுத்த பரிசைத் திருப்பிக் கேப்பாங்களோன்னு பயப்படுவ. எனக்கும் அந்தப் பயம் இருக்கு. ஆனா என்னால இதுக்கு மேல முடியலடா.

அம்மா உன்மேல ஒரு வார்த்தை கொறை சொல்லல. நீ சட்டம் போட்டு அனுப்பின பரிசுப் படத்தை நம்ம வீட்டுக் காம்பராச் செவுத்துல மாட்டி வெச்சிருக்காங்க. யார் வந்தாலும் என் மகன் எடுத்ததுன்னு காட்டுறாங்க. காட்டிட்டு, கட்டுப் போடாத கையால சட்டத்துக்கு வெளிய இருக்கிற வெறும் செவுத்தைத் தொட்டு, நான் இங்கனதான் நிக்கிறேன்னு சொல்றாங்க.

முனி உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு கொறையும் வராமப் பாத்துக்கட்டும். வெள்ளிக்கிழமை வந்துருடா.

உன் அக்கா,
கிருஷாந்தி