நான்கு கட்டை, ஒரு கயிறு

சித்திரை 20, திங்கள்

இரவு மழை. காலையில் வெயில், காற்று இல்லை. கிணற்றில் தண்ணீர் ஒரு முழம் ஏறியிருக்கிறது.

வீட்டு வளவின் வடக்குப் பக்கம் போய்ப் பார்த்தேன். அறை கட்ட அளந்த இடம். அங்கே இருப்பவை:

பூவரசங் கட்டை நான்கு, மூலைக்கு ஒன்று.
கட்டைகளைச் சுற்றி இழுத்துக் கட்டிய தும்புக் கயிறு.
சவிரியான் பாஸ் விட்டுப்போன தூக்குக்குண்டு ஒன்று. மறந்து விட்டாரா, அடையாளமாக விட்டாரா தெரியாது.

இல்லாதவை: மற்ற எல்லாம்.

சவிரியான் கற்பிட்டியில் வீடு கட்டும் மேசன் வேலைகளைப் பொறுப்பெடுத்துச் செய்பவர்; மேசன்மாரை இங்கே பாஸ் என்பார்கள். இனி ச. என்று மட்டும் எழுதுவேன், பெயர் அடிக்கடி வரும் போலிருக்கிறது. பேசியது: பன்னிரண்டடிக்குப் பத்தடி. கல், சுண்ணாம்பு. கிடுகுக் கூரை. கதவு ஒன்று, ஜன்னல் ஒன்று. "உலகச் சண்டைக் காலம் ஐயா, சாமான் கையில இருந்தாத்தான் சாமான்" என்று முழுத் தொகையையும் முன்னாலேயே கேட்டார். கொடுத்தேன். மறுநாளே கட்டை அடித்துக் கயிறு பிடித்தார். இன்றைக்குப் பன்னிரண்டு நாள்.

அறை மகள் பிலோமினாவுக்கு. கொழும்பில் குண்டு விழுந்த பிறகு அவளுடைய தெருவில் பாதி வீடு பூட்டு. மருமகன் கந்தோர் வேலையை விட்டு வரமுடியாது. மனைவியையும் பிள்ளையையும் எங்கேயாவது கொண்டுபோய் விட வேண்டும். ஒன்று குருநாகலில் அவருடைய தாய் வீடு. மற்றது இங்கே. இந்த வீட்டில் ஒரு ஆள் மட்டும் படுக்கக்கூடிய அறையும் திறந்த விறாந்தையும்தான். "பெண்பிள்ளையை விறாந்தையில் படுக்க விட்டுவிட்டு நான் எப்படி கொழும்பில் நித்திரை கொள்வது?" என்று மருமகன் கேட்டாராம். நியாயமான கேள்வி.

ஆகவே அறை இருந்தால் இங்கே, இல்லையென்றால் குருநாகல். அவள் கடைசியாக இங்கே வந்தது தாயின் ஆண்டுப் பூசைக்கு. இரண்டு வருடம்.

மத்தியானம் பாணும் நேற்றைய மீன் குழம்பும்.

சித்திரை 22, புதன்

மேகம். பி.யின் கடிதம். ஒரே கேள்வி: அறை எந்த மட்டில் இருக்கிறது? இரண்டு வரி பதில் போதும், அவருக்குக் காட்ட வேண்டும் என்கிறாள். பிள்ளை இருமுகிறாளாம்.

ச.வைச் சந்தியில் பிடித்தேன். சைக்கிளில் ஏறிய கால் ஏறியபடி.

"நாளைக்கு விடிய நாலு பேரோட வாறன் ஐயா. பொழுதுபடச் சுவர் இடுப்பளவுக்கு வரும். மகளுக்கு எழுதிப் போடுங்க."

"வருமா?"

"மாதா சாட்சி, ஐயா."

தபால் பை இன்று போனால் அடுத்தது சனி. சனிக்கிழமை வரை காத்தால் மருமகன் தாய்க்கு எழுதிவிடுவார். பதினொன்றரைக்கு எழுதி முடித்துத் தபாற்கந்தோரில் போட்டேன். எழுதிய வசனம் அப்படியே: "சுவர் இடுப்பளவுக்கு எழும்பிவிட்டது, கூரைக்குக் கிடுகு சொல்லியாயிற்று."

நாளை நடக்கவேண்டியதை இன்று நடந்ததாக எழுதினேன். பத்திரிகை நிருபராக இருந்தவனுக்குப் புதிதல்ல. தபால் பை கட்டும் நேரத்துக்காகத் தேர்த் திருவிழாச் செய்தியைக் கொடியேற்றத்தன்றே எழுதி அனுப்பிய காலம் உண்டு. எல்லா வெளியூர் நிருபரும் செய்வதுதான். எனக்கு ஒரே ஒருமுறை பிழையாகிப் போனது: கடும் மழை, தேர் கொட்டிலை விட்டு வெளிக்கிடவில்லை, பத்திரிகையில் மட்டும் நான்கு வீதியும் சுற்றி வந்தது. ஊரில் ஒரு மாதம் சிரித்தார்கள்.

சித்திரை 23, வியாழன்

வரவில்லை.

ஐந்தரைக்கே எழும்பி ஐந்து பேருக்குத் தேத்தண்ணீர்க் கோப்பை கழுவி வைத்தேன். அலுமாரியில் இருந்தவற்றில் இரண்டுக்குக் காது இல்லை. பத்து மணிக்கு எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினேன்.

சித்திரை 24, வெள்ளி

மாலை நான்கு மணிக்கு ச. வந்தார். தனியாக. வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ணெய். வேலைக்கு வந்த கோலம் இல்லை.

"நேற்று என்ன நடந்தது பாஸ்?"

"சூளைக்காரன் ஏமாத்திட்டான் ஐயா. சுண்ணாம்பு பச்சை. பச்சைச் சுண்ணாம்பில கட்டினா ஒரு மாரி தாங்காது. உங்களுக்கு அப்படிச் செய்வனா?"

பிறகு எழும்பிப்போய்க் கயிற்றை விரலால் சுண்டிப் பார்த்தார். தூக்குக்குண்டைப் பிடித்து ஒரு கண்ணை மூடினார். சுவர் இல்லாத இடத்தில் சுவர் நேராக இருக்கிறது என்று தலையாட்டினார். தேத்தண்ணீர் கொடுத்தேன், கருப்பட்டியோடு. இரண்டாவது கோப்பையும் குடித்தார். களப்பில் பட்டாளத்து ஆகாயக் கப்பல் தண்ணீரில் இறங்கிய கதை, தாளையடிப் பக்கம் ஆமை பிடித்த கதை, தன் மாமியார் குண்டுக்குப் பயந்து கொடியில் காய்ந்த வெள்ளைத் துணி எல்லாவற்றையும் உள்ளே எடுத்த கதை. "மேல இருந்து பாக்கிறவன் எங்கட கோவணத்தையா தேடி வாறான் மாமி எண்டன். அடிக்க வந்திட்டா."

சிரித்தேன். இந்த வாரத்தில் முதல்தரம் என்று நினைக்கிறேன். ஆறு மணிக்குப் போனார். சுண்ணாம்பைப் பற்றி அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

சித்திரை 26, ஞாயிறு

பூசை முடிந்து சுல்தான் நானாவின் கடைக்கு. அரிசிக் கூப்பன். மண்ணெண்ணெய் இல்லை. நானா தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"ஐயாட அறை எந்த மட்டு?"

"நடக்கிறது."

"நடக்கிறதா? எங்க நடக்கிறது? சவிரியான் பாஸ் ஒரு மாசமா பாலாவியில பட்டாளத்துக்குக் கட்டிட்டீக்கிறாரு. என்ட மருமகன் கண்ணால கண்டது. வெள்ளிக்கிழமைதான் ஊருக்கு வாற, நடுவுல வந்தா ஒடனே போற."

"என்னிடம் வெள்ளிக்கிழமைதான் வருகிறார்."

"வராம? ஊருல நாலு பேருக்குக் கயிறு கட்டி வெச்சீக்கிறாரு. மத்த மூணு பேரும் ஏசி வெரட்டிட்டாங்க. தேத்தண்ணி குடுக்கிற ஒங்கட ஊட்டுக்குத்தான் இன்னும் வாற." பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: "அவர்ட கை வேல செய்யாது, நாக்குத்தான் வேல செய்யும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். வீட்டுக்கு வரும்வரை அரிசிப் பை மிகவும் பாரமாக இருந்தது.

முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் நிருபர்களுக்குப் போட்ட வாங்கில் இருந்து இப்படிப்பட்டவர்களின் வழக்குகளை எழுதியிருக்கிறேன். ஏமாந்தவர் கூண்டில் நின்று "நம்பினேன் துரையே" என்று சொல்லும்போதெல்லாம், இவ்வளவு முட்டாளா என்று நினைத்ததுண்டு.

சித்திரை 28, செவ்வாய்

மேற்கே இருந்து கச்சான் காற்று இன்று தொடங்கியது, இந்த வருடம் முந்தியே. மணல் பறக்கிறது.

ஜூவானிஸ் பாஸைத் தேடி நடந்தேன். சிலாபப் பக்கத்து மேசன், வயதானவர், ஆள் சுத்தம். இருப்பதை எல்லாம் விற்றாவது இன்னொருமுறை கொடுத்து முடித்துவிடலாம் என்று எண்ணம். கூடவே வந்து பார்த்தார். கட்டையைப் பார்த்ததும் கயிற்றுக்கு வெளியே நின்றுவிட்டார். காலை உள்ளே வைக்கவில்லை.

"இது யார் அடிச்ச கட்டை மாத்தயா?"

சொன்னேன்.

"அப்ப நமக்கு ஏலாது. ஒரு பாஸ் கயிறு புடிச்ச எடத்தில இன்னொரு பாஸ் கை வைக்கிறதில்ல. அவர் வந்து, அவர் கையால புடுங்கோணும்."

"அவர் வேலை செய்யவில்லையே."

"செய்யாட்டிலும் அவர் வேலைதான்." சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பத் தள்ளிப் போனார். "நான் கை வச்சா, நாளைக்கு என் கயித்துக்கும் மதிப்பில்ல."

வளவின் தெற்கில் கட்டலாமே என்றேன். தெற்கில் கிணறு. கிணற்றுக்கு அவ்வளவு கிட்டக் கட்டினால் மண் இறங்கும் என்றார். சரிதான். வந்து பார்த்ததற்குக் கூலி கொடுத்தேன், வாங்கவில்லை.

அவர் போன பிறகு நானே பிடுங்கலாமா என்று வடமேற்குக் கட்டையில் கை வைத்தேன். கட்டையில் இலை. மூன்று, சின்னவை, செப்பு நிறம். மழையில் துளிர்த்திருக்கிறது. விட்டுவிட்டு வந்தேன்.

சித்திரை 30, வியாழன்

பி.யின் கடிதம். நான்கு பக்கம். இவ்வளவு நீளமாக அவள் எழுதியது பள்ளிக்கூட விடுதியில் இருந்தபோது.

மருமகன் என் கடிதத்தை இரண்டுதரம் வாசித்தாராம். "உன் அப்பா பார்க்காததை எழுதமாட்டார்" என்றாராம். வருகிற சனிக்கு அடுத்த சனி, ஒன்பதாம் திகதி, புத்தளத்துக்கு ரயில், பிறகு தோணி. அவள், பிள்ளை, இரண்டு ட்ரங்குப் பெட்டி, தையல் மெஷின். பிள்ளைக்கு இருமல் குறைவு.

ஒரு வேண்டுகோள்: "ஜன்னலை மேற்கே வைக்கவேண்டாம் என்று பாஸிடம் சொல்லுங்கள் அப்பா. கச்சானுக்கு மணல் முழுக்கப் பாயில் விழும். கிழக்கே வைத்தால் களப்புக் காற்று வரும். தோணி வருவதையும் பிள்ளைக்குக் காட்டலாம்."

இந்த வளவின் காற்றை அவள் மறக்கவில்லை.

ஒன்பது நாள். சுவரே இல்லை.

வைகாசி 1, வெள்ளி

நான்கு மணி. ச. வந்தார். தேத்தண்ணீர் வைக்கவில்லை. நின்றபடியே கதைத்தேன்.

"பாஸ், பாலாவியில் வேலை செய்கிறீர்கள். எனக்குத் தெரியும்."

தொப்பியைக் கழற்றினார். "பட்டாளத்தான் நாள் சம்பளம் குடுக்கிறான் ஐயா. வீட்டில ஏழு வாய்."

"ஒன்பதாம் திகதி என் மகள் வருகிறாள். ஒன்று கட்டுங்கள். இல்லையென்றால் கட்டையைப் பிடுங்குங்கள், ஜூவானிஸ் பாஸ் கட்டுவார்."

"கட்டையப் பிடுங்கிறதா?" முகம் சுருங்கிவிட்டது. "ஊருக்குள்ள சவிரியான் கட்டையப் பிடுங்கிட்டுப் போனான் எண்டு கதை வந்தா, பிறகு என்ர மகன் எங்க கயிறு பிடிக்கிறது? வேணாம் ஐயா. மூண்டு நாள் தாங்க. திங்கள் விடிய நாலு பேர், ரெண்டு வண்டி கல்லு."

"மாதா சாட்சியா?"

கதிரையைப் பார்த்தார், இருக்கச் சொல்வேனா என்று. சொல்லவில்லை. போய்விட்டார். நாலேகால்.

பிறகு இருட்டும்வரை விறாந்தையில் இருந்தேன். படலைப் பக்கம் யாரும் வரவில்லை. வெள்ளி மாலை இவ்வளவு நீளம் என்று முன்பு தெரியாது.

வைகாசி 4, திங்கள்

ஆறு மணியிலிருந்து படலையில் நின்றேன். ஏழு. எட்டு. கல் வண்டி இல்லை. உப்பு வண்டி இரண்டு போயின.

ஒன்பதரைக்குத் தபாற்கந்தோர். தந்திப் படிவத்தில் மூன்றுதரம் எழுதிக் கிழித்தேன். பத்திரிகையில் இருந்த காலத்தில் என் பெயரால் திருத்தம் போட்டது இரண்டேதரம். இரண்டிலும் "தவறுதலாகப் பிரசுரமாகிவிட்டது" என்று எழுதினோம், யார் தவறு என்று எழுதவில்லை. கடைசியாகக் கொடுத்தது, தமிழில் சொன்னால்: அறை கட்டப்படவில்லை. நான் எழுதியது பொய். அப்பா.

தபால் மாஸ்டர் சொற்களை எண்ணினார். பேனை முனையால் இரண்டாவது வசனத்தைத் தொட்டார்.

"இதை எடுத்தா மூண்டு சொல்லுக் குறையும் ஐயா. 'அறை கட்டவில்லை' எண்டாலே விளங்குமே."

"இருக்கட்டும்."

"மகளுக்குத்தானே?"

"ஓம்."

படிவத்தை இழுத்தெடுத்தார். முத்திரை குத்தும் சத்தம் வெளியே வந்த பிறகும் கேட்டது.

வைகாசி 5, செவ்வாய்

காற்று. பல்வலி. எழுத ஒன்றுமில்லை.

வைகாசி 7, வியாழன்

பி.யின் பதில். அரைப் பக்கம். பார்த்தெழுதுகிறேன்:

"அறை இல்லை என்று முதலே எழுதியிருந்தால் நான் எப்படியாவது அவரோடு கதைத்து வந்திருப்பேன். விறாந்தையைப் பாயால் மறைத்தால் போதும் என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவர் எதையும் கேட்கமாட்டேன் என்கிறார். நாளை குருநாகலுக்குப் போகிறோம். பிள்ளை சுகம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

பாயால் மறைத்தால் போதும்.

இதை ச.வின் கணக்கில் எழுத முடியாது. அவர் கட்டவில்லை, அவ்வளவுதான்.

விறாந்தையை அடியால் அளந்தேன். பதினான்குக்கு ஆறு. மூன்று பாய் போதும். வீட்டில் நான்கு இருக்கிறது.

வைகாசி 8, வெள்ளி

காற்று சற்று ஓய்வு. வானம் சுத்தம்.

நான்கு மணிக்கு ச. வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. நிலம் கிளறும் இரும்பு அலவாங்கு ஒன்று தோளில். படலைக்குள் வந்தும் கதிரைப் பக்கம் பார்க்கவில்லை.

"பட்டாளத்து வேலை திருகோணமலைக்குப் போகுது ஐயா. நானும் ஞாயிறு போறன். திரும்பி வாறது எப்ப எண்டு தெரியாது. கட்டையப் பிடுங்கிட்டுப் போகத்தான் வந்தன். ஜூவானிசுக்கும் சொல்லிட்டன், அவன் கட்டட்டும்." குரல் இறங்கியது. "ஊர் என்ன சொன்னாலும் சரி. மகள் நாளைக்கு வாறா இல்லியா?"

"வரவில்லை."

"ஏன் ஐயா?"

"குருநாகலுக்குப் போய்விட்டாள்."

அலவாங்கைக் கீழே வைத்தார். பிறகு வடமேற்குக் கட்டையைக் கையாலேயே ஆட்டிப் பார்த்து இழுத்தார். சுலபமாக வரவில்லை. வந்தபோது அடியில் நூல் போல வெள்ளை வேர், மண் ஒட்டியபடி. இலை இப்போது ஏழு.

"வேர் விட்டிட்டுது ஐயா."

"திரும்ப நடுங்கள்."

"ஆ?"

"இருந்த இடத்திலேயே. கயிறும் இருக்கட்டும்."

என்னை ஒருமுறை பார்த்தார். குந்தியிருந்து குழியைக் கையால் சுத்தம் செய்து, கட்டையை இறக்கி, தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்து, மண் போட்டுக் குதிக்காலால் சுற்றிவர மிதித்தார். பொறுமையாக. கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீரும் ஊற்றினார். நல்ல வேலைக்காரன் என்பது தெரிந்தது.

தேத்தண்ணீர் வைத்தேன். கருப்பட்டி ஒரு துண்டுதான் இருந்தது, இரண்டாக உடைத்தேன். கதிரையில் இருந்தார்.

"பாஸ், ஜன்னலை எந்தப் பக்கம் வைக்கிறது?"

கோப்பையைப் பிடித்தபடி வளவைப் பார்த்தார்.

"மேற்கில வச்சாக் கச்சானுக்கு மணல் வரும் ஐயா. கிழக்கில வைப்பம்."

"அகலம்?"

"ரெண்டரை அடி. மூண்டு எண்டாலும் வைக்கலாம்."

மூன்று என்றேன்.