உன் மேல் போட்ட பெஞ்சு

என் நைனாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் சிரிப்பாய், அதனால் கேட்கவில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள். முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாலும் மீன் கூடையை மட்டும் விடமாட்டேன் என்கிறாள். தங்கச்சி கௌரிக்கு இரண்டாவதும் பெண். மூக்கு அப்படியே உன் மூக்கு, பாவம்.

நான் பஹ்ரைனை விட்டு வந்து இங்கேயே இருந்துவிட்டேன். இப்போது எனக்கு என்ன வேலை தெரியுமா? ஜனங்களை நடக்க வைப்பது. ஞாயிற்றுக்கிழமையானால் சென்னையிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். படகுத்துறையில் ஆரம்பித்து, ஏரிக்கரையோடு போய், சவுக்குத் தோப்பு வழியாக மணல்மேடு ஏறி, அந்தப் பக்கம் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். கைக்குழந்தைக்காரர்களும் முட்டிவலிக்காரர்களும் நடக்கிற மாதிரி முள்ளை வெட்டி, சேற்றுக்கு மண் கொட்டி, வழி தெரிய கல்லுக்கு வெள்ளை அடித்து வைத்திருக்கிறேன். "குழந்தைங்களோட நடக்கலாம் வாங்க"னு போனில் போட்டால் போதும். பூநாரை வருகிற மாதங்களில் கூட்டம் தாங்கவில்லை. வண்டி இருந்தும் வேண்டுமென்றே நடக்கிற இந்த ஜனங்களைப் பார்த்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்?

இதெல்லாம் நல்ல சேதி. நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, நைனா. சாப்பிட உட்கார்ந்தால் கூட அந்த வெட்கம் பக்கத்தில் வந்து உட்காருகிறது. உன்னிடம்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் செய்தது உனக்குத்தான்.

தோப்பைத் தாண்டியதும் வருகிற மணல்மேட்டில் நின்றால் ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். நடந்து களைத்த பிள்ளைகள் அங்கே வந்ததும் தொப்பென்று விழுவார்கள். உட்கார ஏதாவது இருந்தால் நன்றாக இருக்குமே என்று வருகிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சவுக்குக் கம்பு நட்டு, மேலே பலகை அடித்து, ஒரு பெஞ்சு போட்டேன். நிழல் விழுகிற இடமாகப் பார்த்து, கால் ஆடக்கூடாது என்று நன்றாக ஆழத் தோண்டி நட்டேன். நன்றாக ஆழத் தோண்டி என்று எழுதும்போதே கை கூசுகிறது.

அந்தப் பெஞ்சில் என்னவெல்லாம் நடந்தது! ஒரு குடும்பம் பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக் வெட்டியது. கையில் ஒட்டிய க்ரீமை மணலில் தேய்த்துத் துடைத்தார்கள். நானும் நின்று கைதட்டினேன். இன்னொரு நாள் ஒரு பெண், தூங்குகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "இங்க உக்காந்தா மனசுக்கு என்னமோ நிம்மதியா இருக்குங்க" என்றாள். "காத்து அப்படி, மேடம்" என்றேன். ஊரைச் சுற்றிக் காட்டுகிற ஆள் அல்லவா, எதற்கும் ஒரு பதில் கையில் வைத்திருக்க வேண்டுமே.

போன மாதம் ஒரு சாயங்காலம் கல்லுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தேன். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த கன்னியப்பன் சித்தப்பா நின்றார். உன் தம்பியைப் பற்றி உனக்குத் தெரியாதா, ஒருவரைப் பாராட்டி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. அன்றைக்கு என் முதுகைத் தட்டினார்.

"நல்ல காரியம் பண்ணேடா. ஊரே சொல்லிகினு கீது. அண்ணன வெச்ச எடத்துலயே பெஞ்சு போட்டுக்கிறான் பாரு, புள்ளைன்னா இப்டி இருக்கணும்னு."

எந்த அண்ணனை என்று கேட்க வாயெடுத்தேன். அவருக்கு இருந்தது ஒரே அண்ணன்.

எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று நீ கேட்பாய். நீ போனபோது நான் பஹ்ரைனில் மீன்படகில் இருந்தேன். முதலாளி பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. கௌரிதான் வீடியோ காலில் எல்லாம் காட்டினாள். உன்னைக் குளிப்பாட்டியது, மாலை போட்டது, தூக்கியது. தெருமுனை வந்ததும் படம் நின்றுவிட்டது. நம் ஊரில் பெண்கள் அதற்குமேல் வரக்கூடாது அல்லவா? போன் கௌரி கையில். அம்மா எதுவரை பார்த்தாளோ அதுவரைதான் நானும் பார்த்தேன். அப்புறம் மேளச் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது.

பழைய இடுகாட்டைக் கடல் அரித்துக்கொண்டு போன சமயம் அது. புது இடம் எதுவென்று ஊரில் பேசி முடிக்கவில்லை. அதனால் உன்னை மட்டும் மணல்மேட்டில் தனியாகப் புதைத்து வைத்திருக்கிறார்கள். நாம் கல் நடுவதில்லை, பெயர் எழுதுவதில்லை. ஒரு பருவம் வாடைக் காற்று அடித்தால் மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். தூக்கிக்கொண்டு போன ஆண்களுக்கு மட்டும்தான் இடம் தெரியும்.

ஆனால் இதெல்லாம் சாக்கு, நைனா. நான் திரும்பி வந்து வருடக்கணக்காகிறது. பூநாரை எங்கே இறங்கும், எந்தச் சேற்றில் கால் புதையும், தண்ணீர் எப்போது ஏறும், எல்லாவற்றையும் வீடு வீடாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எங்க நைனாவை எங்கே வைத்தீர்கள் என்று ஒருவரிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட வராதவனுக்குக் கேட்க என்ன வாய் இருக்கிறது என்று ஒரு கூச்சம். நாள் போகப் போக அந்தக் கூச்சமும் மறந்து, நீயும் மறந்து போனாய். உள்ளதைச் சொல்கிறேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. சித்தப்பா தட்டிக்கொடுத்தபோது நான் இல்லை என்று சொல்லவில்லை. "ஆமா சித்தப்பா" என்று தலையை ஆட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் முழுக்கத் தெருவில் எனக்கு ராஜ மரியாதை. டீக்கடையில் உட்கார இடம் விட்டார்கள். நானும் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வருவதற்குள் பெஞ்சைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று கடப்பாரையோடு கிளம்பினேன். அம்மா வாசலில் நின்றாள். தலை வாரி, கௌரி தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த புடவையைக் கட்டியிருந்தாள். ஊர்ப்பேச்சு அவள் காதுக்கும் போயிருந்தது.

"இன்னிக்கு நானும் உங்கூட நடக்கறேன்டா."

"நீ எப்படிம்மா? பொம்பளைங்க அங்க..."

"மெட்ராஸ் பொம்பளைங்க அத்தினி பேரும் வந்து குந்திகினு இட்லி துன்னுட்டுப் போறாங்க. அவங்கள யாரு இன்னா சொன்னாங்க? நான் மட்டும் இன்னா பாவம் பண்ணேன்?"

யார் யாருடைய குழந்தைக்காகவோ முள் வெட்டியவன், அம்மா அந்தப் பக்கம் நடந்ததே இல்லை என்பதை யோசித்தேனா? கடப்பாரையை அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். பிறகு சுவரோரம் சாய்த்துவிட்டு அவளோடு கிளம்பினேன்.

வந்தவர்களோடு வந்தவளாக அம்மா நடந்தாள். வெள்ளைக் கல் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து நடந்தாள். கூட வந்த ஒரு அம்மா, "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டதற்கு, "இதே ஊருதான்மா. இந்தப் பக்கம் வந்ததில்ல" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது.

மேட்டில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். குழந்தைகள் கடலைப் பார்க்க இறங்கி ஓடின, பெரியவர்கள் பின்னாலேயே போனார்கள். நாங்கள் இரண்டு பேர்தான். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. காலால் மணலை மெதுவாகத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"நீ தெரியாமதானே போட்ட?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஊருக்குத் தெரியாது, எனக்குத் தெரியாதா? நீ வந்ததுலருந்து பாத்துகினே இருந்தேன், நைனாவ எங்க வெச்சாங்கன்னு இவன் யாரையாச்சும் கேப்பான், நாமளும் தெரிஞ்சிக்கலாம்னு. பொம்பள நான் போயி கேக்க முடியுமா? நீ கேக்கவே இல்லையேடா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கறிக்குழம்பில் உப்பு குறைவு என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

"இன்னிக்கே இத எடுத்துடறேன்மா" என்றேன்.

"எடுத்துட்டா நான் எந்த சாக்க வெச்சிகினு வருவேன்? கெடக்கட்டும். ஆனா கொஞ்சம் நகர்த்திப் போடு. அவரு நெஞ்சு மேல ஊணியிருக்கப் போற."

"தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதேம்மா."

"உங்க சித்தப்பனுக்குத் தெரியும்" என்றாள்.

அதுதான், நைனா. பெஞ்சை நகர்த்த வேண்டுமானால் சித்தப்பாவைக் கேட்க வேண்டும். கேட்டால், ஊர் மெச்சிய பிள்ளைக்கு அப்பனை வைத்த இடமே தெரியாது என்று அவருக்குத் தெரிந்துவிடும். விடிந்தால் டீக்கடைக்கும் தெரிந்துவிடும். மூன்று நாளாக அவர் வீட்டு வாசல் வரை போய், "சும்மா வந்தேன்" என்று சொல்லித் திரும்பிக்கொண்டிருக்கிறேன். அம்மா ஒன்றும் கேட்பதில்லை. நான் உள்ளே வரும்போது முகத்தை மட்டும் பார்க்கிறாள்.

நாளைக்குக் காலையில் சித்தப்பா படகிலிருந்து இறங்குவார். கரையில் எல்லோரும் இருப்பார்கள். அத்தனை பேர் முன்னாலும் கேட்பேன், நைனா. வந்த அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதை. அவர் காட்டுகிற இடத்துக்கு அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போவேன்.

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாத உன் மூத்த மகன்,
பாபு