ஒன்றரை அடித் தண்ணீர்

நீடாமங்கலம்
27.1.1999

அன்புள்ள மாமாவுக்கு மாலதி எழுதுவது. நானும் பாப்பாவும் சுகம். அங்கே குளிர் அதிகம் என்றீர்கள். ஸ்வெட்டரைப் பெட்டியில் பூட்டி வைத்து அழகு பார்க்காமல் போட்டுக்கொள்ளுங்கள். சம்பா அறுத்தாயிற்று. இந்த வருஷம் பதர் குறைவு.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் எஸ்டிடி பூத்திலிருந்து நான் சொன்ன கிணற்று அளவு தப்பு. அதை நம்பி, நிலத்தை நிலக்கரிக் கம்பெனிக்குக் கொடுக்கும் பேப்பரிலோ, குவைத்தில் இன்னும் மூன்று வருஷம் இருப்பதற்கான பேப்பரிலோ கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எப்படித் தப்பானது என்பது பெரிய கதை. போனில் சொல்லி முடியாது.

கிழக்கே கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வெட்டும் குழியிலிருந்து ராப்பகலாகத் தண்ணீரை இறைக்கிறார்கள். அதனால் சுற்றியுள்ள கிணறுகள் இறங்குகின்றனவா என்று பார்க்க, வைரக்கண்ணு என்பவர் வருஷத்துக்கு நாலு முறை வருகிறார் என்று எழுதியிருந்தேன் அல்லவா? கோடையில், ஆடியில், மழையில், தையில். அவர் அளப்பதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து உள்ளே விடுவார். இழுத்ததும் நனைந்த பாகத்தைக் கழித்துவிட்டு, தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடுவார். போன தையில் ஏழரை அடி. இந்தத் தையில் ஒன்பது அடியும் தாண்டிவிட்டது. அதைக் கேட்டுத்தான் நீங்கள், "கிணறே போச்சுன்னா நெலம் எதுக்கு மாலதி, வித்துடலாம்" என்றீர்கள். நானும் அழுதுகொண்டே சரி என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மனசு ஒப்பவில்லை. நாகம்மாள் அக்கா கிணறு நம் கிணற்றிலிருந்து ஐம்பது அடிகூட இருக்காது. அதில் போன தையைவிட இரண்டு அங்குலம்தான் குறைவாம். ஒரே மண், ஒரே மழை, நம் கிணற்றுக்கு மட்டும் என்ன கோபம்? மோட்டார் ஓடியிருக்குமோ என்றால், அன்று கரண்டே இல்லை. கொடிக்கயிற்றில் பழைய பூட்டைக் கட்டி நானே அளக்க ஆரம்பித்தேன். மூன்று நாள், காலையும் மாலையும். ஒவ்வொரு முறையும் அதே ஒன்பதடிதான். எனக்குப் புத்தி பிசகிவிட்டதென்று அக்கா தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

நேற்று கயிற்றைப் பிடித்தபடி நின்றபோதுதான் உறைத்தது. போன வருஷம் குனிந்து பார்த்த கிணற்றை இப்போது நெஞ்சளவு சுவரில் சாய்ந்து பார்க்கிறேன். கார்த்திகைக் கடைசியில் பாப்பா நடக்கத் தொடங்கினாள். நடந்தவள் நேரே கிணற்றடிக்குத்தான் போனாள். ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன் மாமா. மறுநாளே கொத்தனாரை அழைத்துக் கைப்பிடிச்சுவரை ஒன்றரை அடி உயர்த்தினேன். நீங்கள் அங்கே தூங்கமாட்டீர்கள் என்று எழுதவில்லை. அளவு தொடங்கும் இடத்துக்கு அடையாளமாக வைரக்கண்ணு பழைய சுவரின் வெளிப்பக்கம், விளிம்பை ஒட்டிச் சிவப்புக் கோடு போட்டிருந்தார். பொங்கலுக்கு வெள்ளையடித்ததில் அதுவும் மறைந்துபோயிற்று. கோடு எங்கே என்று அவர் கேட்டபோது, சுவரின் உச்சியைக் காட்டியவள் நான்தான். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு.

இன்று காலை போய் அவரைக் கையோடு கூட்டி வந்தேன். சுண்ணாம்பைச் சுரண்டிக் கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மறுபடி அளந்தார். ஏழு அடி எட்டு அங்குலம். "நாப்பது கெணறு அளக்குறேம்மா, ஒரு சுவத்த அளக்காம விட்டுட்டேன்" என்று வெட்கப்பட்டு, நோட்டில் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நம் கிணற்றிலும் இரண்டு அங்குலம் குறைந்திருப்பது நிஜம். அதை உங்களிடம் மறைக்கமாட்டேன். குழி இழுத்ததா, மழை குறைந்ததா என்று கேட்டேன். கோடையில் அளந்தால்தான் தெரியும் என்கிறார். எனக்கும் அது தெரிந்தே ஆக வேண்டும்.

உங்கள் காண்ட்ராக்ட் பங்குனியில் முடிகிறது. சித்திரையில் வைரக்கண்ணு அளக்க வருவார். தண்ணீர் நின்றாலும் சரி, இறங்கினாலும் சரி, அதை நான் பூத்தில் நின்று உங்களுக்குக் கத்திச் சொல்ல வேண்டாம். விற்பதென்றாலும் நீங்கள் வந்து பார்த்த பிறகு விற்போம். தப்பாகச் சொல்ல நான் ஒருத்தி போதும். சரியாகப் பார்க்க நீங்களும் வேண்டும்.

மாரியம்மன் துணையோடு ஊர் வந்து சேருங்கள்.

உங்கள்
மாலதி