இரண்டு செனட்டர்களும் உன் அப்பாவும்

நார்வுட் மில்ஸ், அயோவா
வியாழக்கிழமை, பிப்ரவரி 6

அன்புள்ள மரீட்டாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகமாகத்தான் இருக்கிறோம், அவருடைய சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கிறது, என் இடது முழங்கால் பனி உருகுகிறவரை முனகிக்கொண்டுதான் இருக்கும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நீயும் விரெமுவும் சின்னவளும் அந்த நியூசிலாந்து வெயிலில் நன்றாகத் தின்று தூங்கி இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, ஜனாதிபதித் தேர்தலுக்கு நம் கட்சி ஆளாக யாரை நிறுத்த வேண்டும், பென்ராட்டா ஹாஸ்கினா, நீ யார் பக்கம் அம்மா என்று. அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் இன்னும் முடிவு பண்ணவில்லை என்று மழுப்பிவிட்டேன். இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. அப்பா முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், போனால் பேசாமல் வர மாட்டார், எனக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரண்டு பேரும் செனட்டர்கள், இரண்டு பேரும் ஏழை பாழைகளுக்காகப் பேசுகிறவர்கள், செனட்டில் நூறு முறை ஓட்டுப் போட்டால் தொண்ணூற்றெட்டு முறை ஒரே பக்கம் கை தூக்குகிறவர்கள். அப்புறம் எதற்கு ஒருவருக்கு எதிராக ஒருவர் நிற்கிறார்கள் என்பதுதான் குளிர்காலம் முழுவதும் என் மண்டையைக் குடைந்த கேள்வி. அப்பாவுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. வாஷிங் மெஷின் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்த வருஷம் உனக்கு ஆறு வயது. ஹாலிஸ் பென்ராட் அப்போது பெயர் தெரியாத ஆள், பனியில் இரண்டு நாள் நம் ஆட்களோடு வாசலில் நின்றார், அப்பாவின் கையுறையில் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து அப்பாவுக்கு அவர் சொன்னது சட்டம். எல்லோருக்கும் இலவச வைத்தியம், ஒரே நாளில், இன்சூரன்ஸ் கம்பெனிகளை இழுத்து மூடிவிட்டு, என்று அவர் முப்பது வருஷமாக ஒரே பேச்சைப் பேசுகிறார். ரோவெனா ஹாஸ்கின் முன்பு பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவர். அவரும் அதே இலவச வைத்தியம்தான் கேட்கிறார், ஆனால் முதலில் குழந்தைகள், பிறகு ஐம்பது தாண்டியவர்கள், பிறகு மற்றவர்கள் என்று படிப்படியாக. அடுத்த வீட்டு பெர்னிஸ் அவர் பக்கம். நம் மருத்துவமனையில் பிரசவ வார்டை மூடிவிட்டார்கள் அல்லவா, பெர்னிஸின் மகள் நாற்பத்தைந்து மைல் தள்ளியிருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு பெட்ரோல் பங்கில், காரின் முன்சீட்டிலேயே பெற்றெடுத்தாள். பெர்னிஸ் இரண்டு செனட்டர்களுக்கும் கடிதம் போட்டாள். ஹாஸ்கினிடமிருந்து நான்கு பக்கப் பதில் வந்தது, பென்ராட்டிடமிருந்து கையெழுத்துப் போட்ட படம் வந்தது. இதை வைத்து அப்பாவும் பெர்னிஸும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பண்ணிய சண்டையை நீ கேட்டிருக்க வேண்டும். உங்க ஆளு படம் காட்டத்தான் லாயக்கு டெல்பர்ட் என்று அவள், உங்க டீச்சரம்மா வகுப்பை முடிக்கிறதுக்குள்ள நாம எல்லாரும் செத்துப்போயிருப்போம் என்று இவர்.

நான் இருபத்தெட்டு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியவள், மனுஷரை நேருக்கு நேர் பார்த்து எடைபோட எனக்கு வராது, தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் பார்த்துத்தான் பழக்கம். அதற்கும் ஒரு வாய்ப்பு வந்தது. ஜனவரி மூன்றாவது சனிக்கிழமை பென்ராட்டின் வேன் கவுண்டி ரோட்டில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது, யாருக்கும் அடியில்லை, ஆனால் இழுக்கிற வண்டி வேறெங்கோ போயிருந்தது. யூனியன் ஹாலில் இருநூறு பேர் காத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்து பஸ் டிரைவர்கள் எல்லோரும் பிள்ளைகளைக் கூடைப்பந்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பள்ளிக் கண்காணிப்பாளர் எனக்கு போன் செய்து, லவான், ஒரு தடவை வரியா என்றார். எனக்குத் தயக்கம்தான், ஏன் என்று உனக்குத் தெரியும். இருபது மைல் வேகத்துக்கு மேலே போக மாட்டேன், யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்று சொல்லி ஒன்பதாம் நம்பர் பஸ்ஸை எடுத்தேன். அவரோடு ஏழெட்டு இளசுகள் ஏறிப் பின்னால் போய் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், அவர் மட்டும் எனக்கு நேர் பின்சீட்டில். கண்ணாடியில் பார்த்தேன், டிவியில் பார்க்கிற முகம் இல்லை. மடியில் ஒரு பிஸ்கட் பாக்கெட், அதைப் பிரிக்கக்கூட விரலில் தெம்பில்லை.

எத்தனை வருஷமா ஓட்டறீங்க என்று கேட்டார். சொன்னேன். இப்பவும் ஓட்டறீங்களா என்றார். இல்லை, ரெண்டு வருஷம் முன்னாடி பனியில ஒரு நாள் பிரேக்ல கால் வைக்க ஒரு நொடி லேட் ஆச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகலை, பிள்ளைங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது, ஆனா எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அன்னிக்கு சாயங்காலமே சாவியைக் குடுத்துட்டேன் என்றேன். அவர் பிஸ்கட் பாக்கெட்டைப் பக்கத்தில் வைத்தார். பிறகு, யாரும் சொல்லாமலேயே குடுத்துட்டீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் கேள்விக்கு இதைவிட நல்ல நேரம் வராது என்று, நீங்களும் அந்தம்மாவும் ஒரே பாட்டைத்தானே பாடறீங்க, ஏன் ரெண்டு பேர் நிக்கறீங்க என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். பின்னாடி இருக்கிற பசங்களைக் கேட்டா அறுபது வித்தியாசம் சொல்வாங்க, எனக்கு ரெண்டுதான் தெரியும், அவ காத்திருக்கலாம்கிறா, நான் ஜனங்க இனிமே காத்திருக்க முடியாதுங்கிறேன், அது ஒண்ணு, இன்னொண்ணு அவ என்னைவிட இருபத்திரண்டு வயசு சின்னவ என்றார். அப்புறம் முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்தி, அவ என்னைத் தாண்டிப் போயிட்டா நான் நிம்மதியாத் தூங்குவேன் டிரைவரம்மா, ஆனா இந்தப் பசங்க மூஞ்சியைப் பார்த்து அதைச் சொல்ல முடியலை என்றார். அதற்குமேல் ரோடு மோசமாக இருந்தது, நான் கண்ணாடியை விட்டு ரோட்டைப் பார்த்தேன். யூனியன் ஹாலில் இறங்கி மேடையேறினார் பார், முப்பது வருஷம் முன்னால் கேட்ட அதே முழக்கம், கட்டடமே ஆடியது. அப்பா வரிசையில் நின்று கையைக் குலுக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு மனுஷன் இருட்டிப்போன பஸ்ஸில் சொன்னதை நான் எப்படிச் சொல்வேன். உனக்கும் சொல்லியிருக்கக் கூடாதுதான்.

அடுத்த புதன்கிழமை ஹாஸ்கின் பெர்னிஸ் வீட்டுச் சமையலறைக்கு வந்தார். முப்பது பேர், காகிதக் கிண்ணங்களில் இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லியும் இலவங்கப்பட்டை ரோலும். ஆள் ஒல்லி, வேகமாகப் பேசுகிறார், பேச்சுக்கு நடுவே கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. என் பெயரை லாவெர்ன் என்றார், லவான் என்று திருத்தினேன், உடனே பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். இவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன், பெரியவர் முப்பது வருஷமா நிக்கிற இடத்துல நீங்க எதுக்கு வந்து நிக்கறீங்க என்று. பெர்னிஸ் என்னை முறைத்தாள். ஹாஸ்கின் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அவர் கேக்கிறதெல்லாம் நியாயம், அவர் பேச்சைக் கேட்டுத்தான் நானே அரசியலுக்கு வந்தேன், ஆனா மொத்தமா கேட்டு ஒரு ஓட்டுல தோத்தா கையில ஒண்ணும் இருக்காது, இவங்க பொண்ணு அடுத்த குழந்தை பெத்துக்கறதுக்குள்ள அந்த வார்டு திறக்கணும், என் யோசனை அவ்வளவுதான் என்றார். பிறகு ஒரு காரியம் செய்தார். எனக்கு ஒண்ணு தெரியலை, வார்டைத் திறந்தா நர்ஸுங்க இந்த ஊருக்கு வந்து இருப்பாங்களா, முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்க என்று எங்களைக் கேட்டார். வந்திருந்த பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடமில்லை, வாடகைக்கு வீடில்லை என்று. பத்து நிமிஷம் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார், அந்தப் பத்து நிமிஷமும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பென்ராட்டும் என்னைக் கேட்டார்தான், ஆனால் அவர் கேட்டது தன்னைப் பற்றி என்று எனக்குத் தோன்றியது. இருந்தாலும் மனசு ஒரேயடியாகச் சாயவில்லை. ஹாஸ்கின் பேச்சைக் கேட்டால் சரி என்று படுகிறது, பென்ராட் பேச்சைக் கேட்டால் எழுந்து நிற்கத் தோன்றுகிறது. இரண்டில் எது ஒரு நாட்டுக்கு வேண்டும் என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் யோசித்தேன்.

இந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, கட்சி ஆளைத் தேர்ந்தெடுக்கப் பள்ளி ஜிம்மில் கூடினோம். ஓட்டுப்பெட்டி இல்லாமல் எப்படி ஓட்டு என்று விரெமு கேட்டாராமே, இதை அவருக்குப் படித்துக் காட்டு. யார் யாருக்கு ஆதரவோ அந்தந்த மூலையில் போய் நிற்க வேண்டும், தலையை எண்ணுவார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேராவது இல்லாத மூலை கலைந்துவிட வேண்டும், கலைந்தவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், வீட்டுக்கும் போகலாம். நாங்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர், ஆகவே ஒரு மூலைக்குப் பதினேழு தலை வேண்டும். இந்த இரண்டு பேரைத் தவிர மூன்றாவதாக நிற்கிற, எல்லோருக்கும் நல்லவராக நடந்துகொள்கிற அந்த முன்னாள் கவர்னருக்கு ஐம்பத்திரண்டு, ஹாஸ்கினுக்கு முப்பத்தெட்டு, முடிவு பண்ணாதவர்கள் என்று கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நான் உட்பட ஏழு பேர். அப்பாதான் பென்ராட் மூலைக்குத் தலைவர், பென்ராட் பெயர் எழுதிய பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவரோடு சேர்த்துப் பதினைந்து பேர். இரண்டு குறைந்தது. மூலை மாறிக்கொள்ள அரை மணி நேரம் கொடுத்தார்கள். எங்கள் ஏழில் ஐந்து பேர் கவர்னர் பக்கம் போய்விட்டார்கள். மிஞ்சியது நானும் பன்றிப் பண்ணை டுவேனும். டுவேன் சொல்கிறான், டிரைவரம்மா, சின்ன வயசுல நீ எங்க கொண்டுபோய் விட்டியோ அங்கதான் இறங்கினேன், இன்னிக்கும் நீ போற பக்கம் வரேன், சீக்கிரம் போ, பன்னி ஒண்ணு குட்டி போடற நிலைமையில இருக்கு என்று. ஆக என் கையில் சரியாக இரண்டு தலை. ஜிம் முழுவதும் என்னையே பார்த்தது. பெர்னிஸ் அந்தப் பக்கமிருந்து கையை ஆட்டினாள். அப்பா ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் திரும்பிக்கொண்டு, நேராக இருந்த பலகையை நேராக்கினார்.

நாற்பத்தோரு வருஷம் ஒன்றாக வாழ்ந்த மனுஷனைப் பார்க்காமல் நடப்பது எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் ஹாஸ்கின் மூலைக்குப் போய் நின்றேன், டுவேன் பின்னாலேயே வந்தான். போகிற வழியில் அப்பாவிடம் நின்று, உங்க ஆளே அப்படித்தான் நினைக்கிறார் என்று ஒரு வார்த்தை காதில் போட்டிருந்தால் அவருக்கு வலி குறைந்திருக்குமோ என்னவோ. போடவில்லை. பென்ராட் மூலை கலைந்தது என்று அறிவித்தார்கள். மூன்று பேர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். மற்றவர்கள் அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். அவர் பலகையை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு அந்தப் பதினொரு பேரையும் கூட்டிக்கொண்டு ஜிம்மைக் குறுக்கே கடந்து எங்களிடம் வந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. பெர்னிஸிடம், உங்க டீச்சரம்மாவுக்குப் பலகை பிடிக்க ஆள் இருக்கா, இல்லை நான் பிடிக்கணுமா என்றார். பெர்னிஸ் பலகையை நீட்டினாள். மொத்தம் ஐம்பத்திரண்டு ஆனோம், கவர்னருக்கு ஐம்பத்தேழு. அடுத்த கட்டமாக மாவட்ட அளவில் நடக்கிற கவுண்டி மாநாட்டுக்கு அனுப்ப வேண்டிய ஆறு பேரில் மூன்று அவர்களுக்கு, மூன்று எங்களுக்கு.

காரில் ஏறித் தானியக் கிடங்கைத் தாண்டியதும் அப்பா, அன்னிக்கு பஸ்ஸில பென்ராட் உன்கிட்ட என்ன சொன்னார் என்று கேட்டார். குளிருதுன்னு சொன்னார் என்றேன். அப்பா தலையை ஆட்டினார். அவர் களைச்சுப்போயிட்டார் லவான், நீ சொல்ல வேண்டாம், கையைக் குலுக்கினப்பவே எனக்குத் தெரிஞ்சுது, அந்தக் கையில பிடியே இல்லை என்றார். தெரிஞ்சுமா இத்தனை நாள் வேலிக்கு வேலி சண்டை போட்டுக்கிட்டு நின்னீங்க என்று கேட்டேன். அவர் ரோட்டைப் பார்த்தபடி, தெரிஞ்சதாலதான் நின்னேன், எல்லாரும் விட்டுட்டுப் போற நேரத்துல நானும் முதல் ஆளாப் போறதா, கடைசி ஆளாப் போகணும்னு இருந்தேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நீ போனது சரிதான், ஆனா டுவேனையும் கூட்டிக்கிட்டுப் போனியே, அதை மட்டும் மன்னிக்க மாட்டேன் என்றார். அதற்கு நான் சிரித்தேன், அவரும் சிரித்தார், அப்புறம் இருவரும் அழுதோம், காரை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. நான் தேர்ந்தெடுத்தது சரியா என்று இன்னும் தெரியாது மரீட்டா, மற்ற நாற்பத்தொன்பது மாநிலங்களையும் போல நானும் நவம்பர்த் தேர்தல் வரை காத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

அப்பா வருகிற சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன். சின்னவளுக்கு நல்ல தூக்கமும், விரெமுவுக்கு நல்ல பொறுமையும், உனக்கு உன் அப்பாவின் பிடிவாதத்தில் பாதியும் கடவுள் கொடுக்கட்டும். வெயிலில் போகும்போது அவள் காதுக்கும் களிம்பு தடவு, காதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உன் ஓட்டுச் சீட்டைத் தபாலில் வாங்க மனுப் போட வேண்டிய நாள் நெருங்குகிறது, தள்ளிப்போடாதே. யாருக்குப் போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், அப்பா சொல்வார், அவர் சொல்வதைக் கேட்டுக்கொள், பிறகு உனக்குத் தோன்றியதைச் செய்.

உங்கள் மூவரையும் நெஞ்சோடு அணைத்து ஆசீர்வதிக்கும்,
உன் அம்மா,
லவான் ராடமேக்கர்