பனிமலை சேர்ந்துவிட்டது

உத்திரமேரூர்,
பங்குனி 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனை நீ எடுப்பதில்லை, அதனால் தபாலில் வருகிறேன். உன் பனிமலைப் படத்தைச் சேர்த்து முடித்துவிட்டேன்! ஐந்நூறு அட்டைத் துண்டும்! ஒன்பதாம் வகுப்பை இரண்டு முறை படித்த நான்தான்.

தை மாதம் மாப்பிள்ளை வீட்டார் வந்து போன அன்று, "எனக்கு வேணாம் நைனா" என்றாய். அதற்கப்புறம் நீ பாதி சேர்த்திருந்த படம் மேசையிலிருந்து சிதறியது. நீ அன்றே பஸ் ஏறிவிட்டாய். துண்டுகளைக் கோணியில் கட்டிவைத்தேன்.

போன மாதம் பிரித்தால் ஒரே தூசி. பழக்க தோஷம், முறத்தில் போட்டுப் புடைத்தேன். நாலு துண்டு வாசலுக்குப் பறந்தன, ஒன்றைக் கோழி கொத்திக்கொண்டு ஓடியது.

"இன்னாய்யா, நெல்லுனு நெனச்சிக்கினியா? ஓடு, கோழியப் புடி!" என்று உன் அம்மா சிரித்தாள். துரத்திப் பிடுங்கினேன். மலை உச்சியில் அதன் அலகுத் தடம் இருக்கிறது.

வானத்துக்கு மட்டும் பதினோரு நாள் ஆனது. எல்லாம் ஒரே நீலம். "கடைசித் துண்ட பாப்பாவுக்கு வெய்யி" என்றாள் அம்மா. கை கேட்கவில்லை. நானே வைத்துவிட்டுத் தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

படம் காற்றில் சிதறியது என்று ஊரெல்லாம் சொன்னேன். காற்று இல்லை பாப்பா, என் கைதான். மாப்பிள்ளை வீட்டாருக்கு வேண்டாம் என்று போன வாரமே சொல்லிவிட்டேன்.

நீ வந்து பார்க்கும்வரை மேசையை யாரும் தொடக் கூடாது. வரும்போது இதைவிடப் பெரிய படமாக வாங்கி வா.

இப்படிக்கு,
தரையில் உட்கார்ந்து சாப்பிடும்
உன் நைனா